உறைபெட்டியைக் காலி செய்தல்

ஹோபார்ட்டில் ஜூன் மாதம், ஐந்து மணிக்கே இருட்டு.
மெரிடி ஹாலம் மைனஸ் எண்பதின் கதவைத் திறக்கிறாள்.
வெண்புகை அவள் முழங்கால்வரை இறங்குகிறது.
திங்கட்கிழமைக்குள் நாலாம் தட்டு காலியாக வேண்டும்,
புதிதாய் வருகிறவனுக்கு இடம் தேவை.
முப்பத்தோரு வருடம்
அட்டைப்பெட்டிகளில் கட்டம் கட்டமாக நிற்கிறது.

அடியில் மனிதர்கள். மெல்பர்ன், மார்பகப் புற்று.
அப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
புற்று என்பது சொந்த வீட்டுப் பிள்ளை கெட்டுப்போவது,
காவல் செல்கள் அதனால்தான் கை ஓங்கத் தயங்குகின்றன
என்று மாநாட்டில் பேசிக் கைத்தட்டல் வாங்கினாள்.

பிறகு யாரோ ஒரு புகைப்படம் காட்டினார்கள்.
டாஸ்மேனியப் பேய் ஒன்றின் முகம்,
தாடையில் காலிஃப்ளவர்போல் பிளந்த கட்டி.
"இது தொற்றுகிறது."
"புற்று தொற்றாது" என்றாள் மெரிடி.
தொற்றியது.
கடித்த பல்லிலிருந்து கடிபட்ட கன்னத்துக்கு
செல்லே குடிபெயர்ந்தது, கிருமி என்று எதுவும் இல்லை.
வடகிழக்கில் எப்போதோ செத்துப்போன ஒரு பேய்
தன் உடம்பை விட்ட பிறகும்
மற்றவற்றின் முகங்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.
எந்த ஊர்ப் பேய்க்கதையிலும் இது இல்லை.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும்.
புளியமரம் இல்லாத தீவு;
அவள் யூகலிப்டஸ் சரிவுகளில் ஏறினாள்.
தோளில் பிவிசி குழாய்ப் பொறி,
வண்டி முழுக்க வாலபி இறைச்சி வீச்சம்.
சாக்குப்பையின் இருட்டில் பேய் சாதுவாகிவிடும்.
முகத்தை மட்டும் வெளியே எடுத்து
அரிசியளவு சதை நறுக்கி,
எதையோ முணுமுணுத்து விட்டுவிடுவாள்.

ஒட்டுவைத்த அயல்தோலை உதறித்தள்ளும் உடம்பு
இந்த அந்நியனுக்கு மட்டும் ஏன் பாய் விரிக்கிறது?
விடை வந்த இரவு ஆய்வகத்தில் அவள் ஒருத்திதான்.
வேஷம் எதுவும் போடவில்லை அது.
வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக்
கழற்றி உள்ளே வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.
உடைக்கவில்லை.
திரும்ப மாட்டலாம்.

மாட்டலாம் என்ற ஒரு சொல்லுக்காகப்
பதினான்கு வருடம் தடுப்பூசி.
ஊசி போட்டவற்றின் இரத்தத்தில்
எதிர்ப்பொருள் எழுந்தது, வரைபடத்தில் அழகான ஏற்றம்.
காட்டுக்குத் திரும்பின. கடிபட்டன. கட்டி வந்தது.
மூன்றாம் முறை நிதி மறுத்த கடிதத்தில்
"உற்சாகமூட்டும்" என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.
டெஸ்மண்ட் பிரிந்துபோனது எந்த வருடம் என்று கேட்டால்
பெட்டி எண்ணை வைத்துத்தான் சொல்வாள்:
இருபத்திரண்டு. குளிர்காலம்.

அப்புறம் பிராக்கன். பல் தேய்ந்த பெண்பேய்.
அதற்கு ஊசி போட்டதே இல்லை.
ஆகஸ்டில் கன்னத்தில் கோழிமுட்டை.
நவம்பரில் காடைமுட்டை.
மார்ச்சில் வெறும் தழும்பு, அதில் இரண்டு மீசைமுடி.
"வேறொன்றைப் பிடித்துவிட்டோமோ" என்று
லாக்லன் தோலடிச் சில்லை மறுபடி வாசித்தான்.
அதே எண்.
மெரிடி சாக்குப்பையை மடியில் வைத்தபடி
ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.
அவளைக் கேட்காமல், அவள் ஊசி இல்லாமல்,
ஒரு கிழட்டு உடம்பு பலகையைப் படித்துவிட்டது.
அன்று திரும்பும் வழியில் அழுததற்கு
இன்னமும் காரணம் சொல்லத் தெரியவில்லை.
பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

இப்போது தட்டின் மூலையில் ஒரே ஒரு குழாய்.
சுற்றிய தாள் உரிந்து எங்கோ விழுந்துவிட்டது.
எண் இல்லை, தேதி இல்லை.
அடையாளம் தெரியாதது கழிவுக்குப் போக வேண்டும்,
சுவரில் ஒட்டியிருக்கிற விதி, அவள் கையெழுத்து.
உள்ளே அரிசியளவு ஏதோ, யாரோ.
கையுறையின் சூட்டில்
பனி முதலில் விளிம்பில் இளகுகிறது.
கதவு திறந்தே இருப்பதாக
அலாரம் அடிக்கத் தொடங்குகிறது.